கிட்வாய் நகரில் லத்தீன்

மத்திய அரசு வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்து சேரும் தமிழர் முதலில் பழகிக்கொள்வது இந்தியை அல்ல, ஆபீஸ் ஆங்கிலத்தை. குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட வேண்டும். டைரக்டரேட் ஆஃப் எஸ்டேட்ஸிலிருந்து அலாட்மென்ட் வர வேண்டும். அதுவரை ஹவுஸ் ரெண்ட் அலவன்ஸ். அதன் பிறகு இன்கிரிமென்ட், அரியர்ஸ், டிரான்ஸ்ஃபர், புரமோஷன், கடைசியில் பென்ஷன். எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் கிட்வாய் நகர் போன்ற அரசுக் குடியிருப்புகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சொற்களோடு வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கின்றன. இந்தச் சொற்களில் ஹவுஸ், ஆஃப் இரண்டும் ஜெர்மானியச் சொற்கள். அலாட்மென்ட்டின் நடுவில் இருக்கும் 'லாட்' என்பதும் அப்படியே. மற்ற எல்லாம் லத்தீன் வழி வந்தவை.

ஆங்கிலத்தில் லத்தீன் எவ்வளவு, அது எந்த வழியாக வந்தது, வேர் தெரிந்தால் சொல்லின் பொருள் தெரிந்துவிடுமா, தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். தனித்தனியாகப் பார்க்கும்போதுதான் கட்டுக்கதைகள் உள்ளே நுழைகின்றன.

ஆங்கிலம் லத்தீனுக்குப் பிறந்த மொழி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதன் உடல் ஜெர்மானியம். அன்றாடம் அதிகமாகப் புழங்கும் நூறு ஆங்கிலச் சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தவையாக இருக்கும். அகராதியைத் திறந்தால் கணக்கு மாறுகிறது. ஃபின்கன்ஸ்டேட், வுல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சுமார் 80,000 சொற்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட முடிவின்படி, லத்தீனிலிருந்து வந்தவை 28 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். பிரெஞ்சிலிருந்து வந்தவையும் அதே அளவு. ஜெர்மானியச் சொற்கள் 25 விழுக்காடு. பிரெஞ்சும் லத்தீன் வழிமொழி என்பதால் அகராதியில் பாதிக்கு மேல் லத்தீனின் சொத்து என்று ஆகிறது. சமையலறையில் பேசுவதைவிட அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பேசும்போது ஆங்கிலேயர் அதிகமாக லத்தீன் பேசுகிறார்கள்.

இவை ஒரே நேரத்தில் வரவில்லை. ஜெர்மானியக் குடிகள் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே ரோமானியரோடு வாணிபம் செய்து வைன், ஸ்ட்ரீட், வால், மைல், சீஸ் போன்ற சொற்களை வாங்கிவிட்டார்கள். 597இல் அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதிக்கு வந்து இறங்கிய பிறகு கிறித்தவத்தோடு கேண்டில், ஆல்டர் முதலியவை வந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததுதான் பெரிய திருப்பம். அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு அரசவை, வரி, நீதி எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. கோர்ட், டாக்ஸ், ஜட்ஜ், மினிஸ்டர், பென்ஷன் எல்லாம் அந்தக் காலத்து வரவு. மறுமலர்ச்சிக் காலத்துப் படிப்பாளிகள் பிரெஞ்சைத் தாண்டி நேரே லத்தீன் நூல்களிலிருந்து எடுத்தார்கள். மெமோரண்டம், அஜெண்டா, அஃபிடவிட் எல்லாம் உருமாறாமல் அப்படியே வந்து நின்றவை. அஃபிடவிட் என்பது பெயர்ச்சொல்கூட அல்ல; 'அவர் சத்தியம் செய்திருக்கிறார்' என்று பொருள்படும் முழு வினைமுற்று.

ஒரே சொல் மூன்று முறை வந்ததும் உண்டு. வட்டத் தட்டைக் குறித்த 'டிஸ்குஸ்' பழங்காலத்தில் டிஷ் ஆகவும், இடைக்காலத்தில் டெஸ்க் ஆகவும், பிறகு டிஸ்க் ஆகவும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சாப்பாட்டுத் தட்டும் எழுதும் மேசையும் கணினித் தட்டும் உடன்பிறந்தவை.

இனி அலுவலகத்துக்கு வருவோம். வேரைத் தேடுவதால் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு என்னைக் கேட்டால் பென்ஷன் என்ற ஒரு சொல்லே போதும். லத்தீனில் 'பெந்தேரே' என்றால் தராசில் தொங்கவிட்டு எடை போடுவது. நாணயம் பரவுவதற்கு முன் உலோகத்தை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே எடை போடுவது பணம் கொடுப்பதாயிற்று. அந்த ஒரு வினையிலிருந்து அரசு ஊழியரின் வாழ்க்கையில் பாதி புறப்பட்டிருக்கிறது. பணம் நிறுத்துத் தருவது பென்ஷன். நிறுத்து வெளியே அனுப்புவது எக்ஸ்பெண்டிச்சர். இழப்புக்கு ஈடாக நிறுப்பது காம்பன்சேஷன். அந்தரத்தில் தொங்கவிடுவது சஸ்பென்ஷன். ஊழியர்மேல் தொங்கிக்கொண்டிருப்பவர் டிபெண்டன்ட். முடிவு தெரியாமல் தொங்கும் கோப்பு பெண்டிங். மனத்துக்குள் எடைபோட்டுப் பார்ப்பது பாண்டர். இது தமிழருக்கு வியப்பாக இருக்கத் தேவையில்லை. தமிழில் 'தூக்கு' அதே வேலையைச் செய்கிறது: தொங்கவிடுவதும் தூக்கு, நிறுப்பதும் தூக்கு, ஓர் எடை அளவின் பெயரும் தூக்கு, மனத்தால் எடைபோடுவது சீர்தூக்குதல். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே தராசைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

ஃபைல் என்பதன் வேர் 'ஃபீலும்', அதாவது நூல். காகிதங்களை ஒரு நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த வழக்கம் அந்தப் பெயரைத் தந்தது. தமிழில் அதற்கு அமைந்த 'கோப்பு' என்ற சொல்லும் கோத்தலிலிருந்தே வருகிறது. செக்ரட்டரி இரகசியம் காப்பவர். இந்திய அரசில் அலுவல் இரகசியச் சட்டம் 1923இலிருந்து இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல்தான் வந்தது. செக்ரட்டேரியட்டின் வேர்ப்பொருளுக்கு எதிரான சட்டம் வர 82 ஆண்டு ஆயிற்று என்பதை நான் வெறும் சொல்விளையாட்டாக நினைக்கவில்லை. மினிஸ்டர் என்ற லத்தீன் சொல்லுக்குப் பணியாள் என்று பொருள். சிறியதைக் குறிக்கும் 'மினுஸ்' அதன் அடி. பெரியதைக் குறிக்கும் 'மாகிஸ்' என்ற அடியிலிருந்து மாஸ்டரும் மாஜிஸ்ட்ரேட்டும் வந்தன.

பியூன் என்ற சொல் 'பேஸ்' என்ற லத்தீன் வேரில் தொடங்குகிறது. பாதம் என்று பொருள். நடந்து போர் செய்யும் காலாள், பிறகு ஏவலாள் என்று போர்ச்சுகீசியம் வழியே இந்தியா வந்தது. சதுரங்கத்தின் சிப்பாய்க் காயை ஆங்கிலத்தில் பான் என்கிறார்களே, அதுவும் இதே சொல். ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு மத்திய அரசு பியூன் என்ற பதவிப் பெயரை விட்டு மல்ட்டி டாஸ்கிங் ஸ்டாஃப் என்று மாற்றியது. அந்த மாற்றம் நியாயமானது. பெயரில் ஒட்டியிருந்த தாழ்வைப் புழக்கம்தான் உண்டாக்கியது. வேரில் தாழ்வு எதுவும் இல்லை.

டிரான்ஸ்ஃபர் என்றால் இங்கிருந்து அங்கே சுமந்து போவது. 'ஃபெர்ரே' என்பது சுமத்தல். ரெஃபர், ப்ரிஃபர், கான்ஃபரன்ஸ், டிஃபரன்ஸ் எல்லாம் அதன் கிளைகள். அந்த வினையின் இறந்தகால எச்சம் உருவமே மாறி 'லாத்துஸ்' என்று வரும். அதிலிருந்து டிரான்ஸ்லேஷன், ரிலேஷன் தோன்றின. ஆகவே மாற்றல் உத்தரவும் மொழிபெயர்ப்பும் லத்தீனில் ஒரே வினை.

அரியர்ஸ் 'பின்னால்' என்ற பொருள் தரும் 'அத் ரெத்ரோ'விலிருந்து வருகிறது. தில்லியில் அரியர்ஸ் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவன் அரியர் வைத்திருக்கிறான் என்றால் அம்மாவுக்குக் கவலை. குவார்ட்டரும் அப்படியே. நான்கில் ஒரு பகுதி என்ற பொருளிலிருந்து ஊரின் ஒரு பகுதி, அங்கே படைவீரர் தங்கிய இடம், அரசு வீடு என்று நகர்ந்து தில்லித் தமிழரின் முகவரியாயிற்று. தமிழ்நாட்டில் அதே சொல்லுக்கு மதுக்கடையில் வேறு பொருள்.

வேர் ஒன்றாகவும் வாழ்வு வேறாகவும் போன சொற்களில் மிகக் கனமானது காலனி. 'கோலேரே' என்றால் உழுவது, பண்படுத்துவது, குடியிருப்பது. அதிலிருந்து வந்த 'கொலோனியா' என்பது ரோமானியப் பேரரசு ஓய்வு பெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். ஜெர்மனியின் கோல்ன் நகரம் அந்தச் சொல்லையே பெயராக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் வால்பகுதியும் அதுவே. கல்ச்சர், அக்ரிகல்ச்சர் எல்லாம் உறவுக்காரர்கள். தில்லியில் காலனி என்பது குறையோ பெருமையோ இல்லாத பொதுச்சொல். பணக்காரர் குடியிருப்புக்கும் டிஃபென்ஸ் காலனி என்று பெயர், அரசு ஊழியர் குடியிருப்பும் காலனி, அங்கீகாரம் இல்லாத குடியிருப்பும் காலனி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'ஊர்', 'காலனி' என்று பிரித்துச் சொன்னால் அது யாரை எங்கே நிறுத்துகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டியல் சாதி மக்களை ஒதுக்கிவைத்த இடத்தின் பெயராக அந்தச் சொல் ஆக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். லத்தீன் அகராதியைக் காட்டி 'உழவர் குடியிருப்பு என்றுதானே பொருள்' என்று ஒருவர் வாதாடினால் அவர் வேரைத் தெரிந்துகொண்டு சொல்லைத் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லின் பொருளை இன்று அதைச் சொல்கிறவரும் கேட்கிறவரும் தீர்மானிக்கிறார்கள். வேர் அதன் வரலாறு. அதற்கு மேல் அதிகாரம் எதுவும் வேருக்குக் கிடையாது.

கிட்வாய் நகருக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாயை ஒரு லத்தீன் சொல்லோடு சேர்த்து நினைவுகூரலாம். 1952 முதல் 1954இல் இறக்கும் வரை அவர் மத்திய உணவு அமைச்சராக இருந்தார். போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் அவர். அதே 1952இல் சென்னையில் முதலமைச்சர் ராஜாஜி ரேஷன் முறையை நீக்கினார். ரேஷன் என்பது 'ராத்தியோ', கணக்கு. ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு அளந்து தருவது. ரீசன், ரேட், ரேஷியோ எல்லாம் அதே வேரின் பிள்ளைகள்.

பக்கத்தில் இருக்கும் எய்ம்ஸ் 1956இல் தொடங்கியது. ஹாஸ்பிடலின் முதல் பொருள் விருந்தினர் விடுதி. 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். ஹோட்டல், ஹாஸ்டல், ஹோஸ்ட் எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே இருந்தவை. வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் இடம் கொடுத்த மடங்கள் நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டதால் பொருள் நகர்ந்தது. வட மாநிலங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்து எய்ம்ஸ் வாசல் நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, மருத்துவமனையும் தங்குமிடமும் பிரிந்து போனது மொழியில் மட்டும் நடந்த பிரிவு அல்ல என்று தோன்றுகிறது.

பஸ் என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. 'ஒம்னிபுஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் எல்லாரும் ஏறக்கூடிய வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. சுருக்கியவர்கள் அடியை விட்டுவிட்டு 'புஸ்' என்ற வேற்றுமை உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'எல்லாருக்கும்' என்பதில் 'உக்கும்' மட்டும் எஞ்சி வண்டியின் பெயரானது போன்றது இது. முழுச்சொல் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று தமிழ்நாடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல்லான ஆம்னிபஸ்ஸில் ஏறித்தான் சென்னையிலிருந்து தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார்கள்.

இப்போது கட்டுக்கதைகள். சாலரி என்ற சொல்லில் உப்பு இருக்கிறது. 'சால்' என்றால் உப்பு, 'சாலாரியும்' அதிலிருந்து வந்தது. பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினியும் இரண்டையும் இணைத்து எழுதியிருக்கிறார். ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று மேடைகளில் சொல்வதற்கு மட்டும் பண்டைய சான்று கிடையாது. வேடிக்கை என்னவென்றால் நம் சம்பளத்துக்கும் உப்புக் கதை உண்டு: சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தந்ததால் சம்பளம் என்பார்கள். வழிச்செலவுப் பொருளைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லோடு இணைப்பவர்களும் இருக்கிறார்கள். நெல்லும் உப்பும் கேட்க இனிமையாக இருக்கிறது என்பதால் அது முடிந்த முடிவாகிவிடாது.

ஃபேமிலி என்பதற்குத் தந்தை, தாய், நான் உங்களை நேசிக்கிறேன் என்று ஆங்கில எழுத்துகளைப் பிரித்துச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை. 'ஃபாமுலுஸ்' என்றால் வீட்டு அடிமை, வேலையாள். 'ஃபாமிலியா' ஒரு தலைவனின் கீழ் இருந்த அடிமைகள் உட்பட்ட வீட்டார் அனைவரும். நியூஸ் நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பள்ளிகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். அது 'புதியவை' என்ற சாதாரணப் பன்மை. சின்சியர் 'மெழுகு பூசாத' சிலையிலிருந்து வந்தது என்ற கதையையும் அகராதி ஆசிரியர்கள் ஏற்பதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிறந்ததாகச் சொல்லும் பழைய சொல் எதுவானாலும் சந்தேகப்பட வேண்டும். அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் பெருகியது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே லத்தீனின் பேரப்பிள்ளைகள் நம் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை அவை. சாவியின் பின்னால் 'கிளாவிஸ்' இருக்கிறது, ஜன்னலின் பின்னால் கதவைக் குறித்த 'யானுவா', அலமாரியின் பின்னால் ஆயுதம் வைக்கும் 'அர்மாரியும்', பேனாவின் பின்னால் இறகைக் குறித்த 'பென்னா', மேசையின் பின்னால் 'மென்ஸா'. தில்லி இந்தியில் அறையைக் குறிக்கும் கம்ராவும் போர்ச்சுகீசியம் வழி வந்த 'கமேரா'தான். வாடகைக்குக் கம்ரா தேடுபவரும் கேமராவில் படம் எடுப்பவரும் ஒரே லத்தீன் சொல்லைச் சொல்கிறார்கள்.

இந்தியைப் பொறுத்தவரை இன்னொரு ஆழமான உறவும் உண்டு. லத்தீனின் 'செப்தெம்', 'தெசெம்', 'தேந்த்' ஆகியவை சமஸ்கிருதத்தின் சப்த, தச, தந்த என்பவற்றோடு ஒத்துப்போவது கடனால் அல்ல, பிறப்பால். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தில் சேராத தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையிலிருந்து எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதினார். எனவே லத்தீன் தமிழுக்கு உறவினர் அல்ல. வாணிப உறவு கொண்ட அந்நியர். ஓசை ஒத்திருக்கிறது என்பதால் லத்தீன் சொல்லைத் தமிழிலிருந்து பிறந்ததாகச் சொல்வோர், அந்தச் சொல் எந்த வழியாக, எந்தக் காலத்தில், எந்தப் பண்டத்தோடு போனது என்று காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டக்கூடிய சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. இஞ்சியும் வேரும் சேர்ந்த தென்னிந்தியச் சொல் பாலியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கம் வழியே லத்தீனில் 'சிங்கிபெர்' ஆகி, ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. பண்டமும் கப்பலில் போனது. அந்த வாணிபத்தால் இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி குறைபட்டுக்கொண்டார். பிற்காலத்துத் தாவரவியலாளர்கள் முருங்கையை 'மொரிங்கா' என்று லத்தீன் உருவில் பதிவு செய்தார்கள். உலகம் முழுவதும் மொரிங்கா பொடி விற்பவர்களுக்கு அது தெரியுமோ என்னவோ.

தமிழை லத்தீனில் எழுதிவைத்த வரலாறும் நம் பள்ளிப் பாடங்களில் போதிய இடம் பெறவில்லை. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறிஞர்கள் தமிழைப் பற்றி அறியத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்குப் பொதுமொழி லத்தீன்தான். ஆங்கிலம் அந்த இடத்துக்குப் பிறகுதான் வந்தது.

கிட்வாய் நகருக்குப் பக்கத்தில் லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அந்தக் கழகம் 1923இலிருந்து தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்து வருகிறது. அங்கும் மற்ற பள்ளிகளிலும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கத்தோடு, வாரம் ஒரு லத்தீன் வேரைச் சொல்லித் தரும்படி ஆசிரியர்களை வேண்டுகிறேன். 'பெந்தேரே' தெரிந்த குழந்தை ஒரே நாளில் பத்துச் சொற்களைப் பிடித்துக்கொள்ளும், எழுத்துக்கூட்டலிலும் தடுமாறாது. தூக்கும் சீர்தூக்கும் சேர்த்துச் சொன்னால் தன் மொழியும் அதே நுட்பத்தோடு வேலை செய்கிறது என்பதை உணரும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சொற்பிறப்புச் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்தால் அனுப்புவதற்கு முன் அகராதியில் ஒருமுறை பாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி சொல்லின் வரலாற்றோடு இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.